இருபத்தோராயிரம் வார்த்தை

பாவாயி சொன்னதைப் பதினேழு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன், அம்மிணி. வெளியே நம்பினேன், உள்ளே சந்தேகம். அவள் சொன்னதை நம்பினால் எனக்கு லாபம். அதனாலேயே சந்தேகம். லாபம் தருகிற எதையும் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நம்புவேன்.

உட்காருங்கள். ஃபேனுக்கு நேரே வேண்டாம், அது போடுகிற சத்தத்தில் நான் சொல்வது கேட்காது. அந்த டேப்லட்டில் மற்றக் கேள்வியெல்லாம் நிரப்பிவிட்டீர்களே, இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். “மூன்று வயது வரை குழந்தையோடு அதிகம் பேசியவர் யார்?” அம்மா, அப்பா, தாத்தா பாட்டி, மற்றவர். நாலு கட்டம். போன வாரம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘அப்பா’ என்று சொல்லியிருப்பேன். என் மனைவி தனபாக்கியம் சமையலறையில் இருந்து மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். அவள் எதற்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

சிரிக்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான். பல் விளக்கும்போது சிரிப்பு வருகிறது. நேற்று ஒரு துக்க வீட்டில் வந்துவிட்டது, துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து வெளியே போனேன். ரொம்ப வேண்டியவர் போலிருக்கிறது, எப்படி அழுகிறார் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்களாம்.

உங்களைப் போலத்தான் நானும் வீடு வீடாகப் போனவன். உங்கள் ஆராய்ச்சிக்கு அப்பன் ஆராய்ச்சி அது. 2008. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விலங்கியல் படித்துவிட்டு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிபாளையத்தில் அறுபது வீட்டில் கணக்கெடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். சென்னையில் இருந்து டாக்டரம்மா வந்து வகுப்பு எடுத்தார். அவர் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

“வசதியான வீட்டுக் குழந்தைக்கும் இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் மூளை வளர்ச்சியிலே ஒரு வித்தியாசம் தெரியுது. சரி. ஆனா காசு நேரா மண்டைக்குள்ளே போகாது இல்லையா? நடுவுலே ஏதாவது வழி இருக்கணும். சாப்பாடு ஒரு வழி. தூக்கம் ஒரு வழி. வீட்டுல இருக்கிற பயம், நிம்மதி ஒரு வழி. நாம பார்க்கப்போறது பேச்சு.”

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மெஷின். முன்பக்கம் பை வைத்துத் தைத்த சின்னச் சட்டைக்குள் அதைப் போட்டுக் குழந்தைக்கு மாட்டிவிட வேண்டும். காலையில் இருந்து ராத்திரி வரை, பெரியவர்கள் குழந்தைக்குப் பக்கத்தில் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்று அது எண்ணும். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன் தூங்கவில்லை. என் மகள் நித்திலாவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கரண்டிதான் பேசும். நானும் பேசமாட்டேன், தனபாக்கியமும் பேசமாட்டாள். சண்டைகூடக் கிடையாது. சண்டை போட்டிருந்தால் குழந்தைக்கு நாலு வார்த்தையாவது கிடைத்திருக்கும்! என் மகளின் மூளையை நான் பட்டினி போட்டுவிட்டேன் என்று புரண்டு புரண்டு படுத்தேன். மறுநாளே டாக்டரம்மாவிடம் போய், எங்கள் வீட்டையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நடுத்தர வருமானம் என்ற வரிசையில் வீடு குறைவாக இருந்தது. சேர்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்தில் இருந்தே ஆரம்பித்துவிட்டேன். என்ன பேசுவது? எனக்குப் பேச வராது. அதனால் நாளிதழை எடுத்தேன். குழந்தையை எதிரே உட்காரவைத்து, தங்கம் விலையில் தொடங்கி ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி வரைக்கும் சத்தமாகப் படித்தேன். கண்ணீர் அஞ்சலிக்குத்தான் குழந்தை சிரித்தது. போட்டோ பெரிதாக இருக்குமல்லவா.

மெஷின் மாட்டியது ஒரு புதன்கிழமை. தனபாக்கியம் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள், அவள் கிளம்பிவிட்டாள். எட்டரைக்குப் பாவாயி வந்ததும் நானும் கிளம்பிவிட்டேன்.

பாவாயி யார் என்று சொல்லவில்லையே. எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். ஆற்றோரம் விசைத்தறிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் செல்லமுத்து தறி ஓட்டினான். பாத்திரம், துணி, அதோடு நாலரை வரைக்கும் நித்திலாவைப் பார்த்துக்கொள்வது. நல்லபடியாகத்தான் வைத்திருந்தோம். தீபாவளிக்குச் சேலை, போனஸ், எல்லாம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ரிசல்ட் வந்தது. இருபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது வார்த்தை. அறுபது வீட்டில் முதலிடம். மில் முதலாளி வீடு, வக்கீல் வீடு எல்லாம் பின்னால்.

“அர்த்தநாரி, உங்க வீட்டுல யார் இப்படிப் பேசறது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“நான்தான் மேடம்.”

வாய் சொல்லிவிட்டது. மனசு பிறகுதான் வந்து சேர்ந்தது.

அந்தத் தாளை லேமினேட் செய்து, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினேன். அந்த ஆணியைப் பாருங்கள், அங்கேதான். வந்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். குழந்தைக்கு அப்பாதான் பேச வேண்டும், அம்மா பேசினால் போதாது என்று நானாக ஒரு கருத்தும் சேர்த்துக்கொண்டேன். அரிமா சங்கத்தில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். பேசத் தெரியாதவன் பேச்சைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன்!

ஆனால் நான் யோசிக்கிற ஆள். அதுதான் என் கஷ்டம். ஒரு நாள் நாளிதழில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வார்த்தை என்று எண்ணிப் பார்த்தேன். நாலு பக்கம் முழுசாகப் படித்தால்கூட எட்டாயிரத்தைத் தாண்டாது. நான் நாலு பக்கம் படித்தேனா? சத்தமாகப் படித்தேனா? அன்றைக்கே பாவாயியைக் கூப்பிட்டேன்.

“ஏ பாவாயி, நாங்க இல்லாதப்ப பாப்பாகிட்ட பேசுவியா?”

“ஐயோ, இல்லீங்க சாமி. ஒரு வார்த்தை பேசமாட்டனுங்க. சோறு ஊட்டுவேன், காலு கழுவி உடுவேன், தூங்கவெப்பேன். வாயே தொறக்கமாட்டனுங்க.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியானால் மிச்சம் நான்தானே? எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் ஏன் அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்?

ஏன் என்று எனக்குத் தெரியும், அம்மிணி. எழுத வேண்டாம், சும்மா கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், பாப்பாவிடம் ரொம்பப் பேச வேண்டாம் என்று. ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டு தடவை இருக்கலாம். தறிக்கார லைனில் பேச்சு கொஞ்சம் காரமாக இருக்கும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டால் நாளைக்கு இங்கிலீஷ் மீடியத்தில் மானம் போகும். அதனால் ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டியும் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். தினமும் இல்லை. திங்கட்கிழமைகளில்.

அடுத்த மாதம் டாக்டரம்மா படம் காட்டிச் சோதிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மாட்டுப் படம், பந்துப் படம், வரிசையாக. நித்திலா எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று சொல்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பென்சில் படம் வந்தது.

“தாரு!” என்றாள்.

தறியில் ஊடு நூல் சுற்றிவைக்கிற குச்சிக்குத் தார் என்று பெயர். பார்க்கப் பென்சில் மாதிரித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது கிடையாது, அந்தப் பேரை யாரும் சொல்வதும் கிடையாது. டாக்டரம்மா தப்பு என்று போட்டுக்கொண்டார். அடுத்தது மீசை வைத்த ஒரு ஆள் படம். குழந்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டது.

“எடுபட்ட பய” என்றது.

அந்த அம்மாவுக்கு எங்கள் ஊர் வசவு தெரியாது. “அது என்ன வார்த்தை அர்த்தநாரி?”

“மாமான்னு அர்த்தம் மேடம். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.”

எழுதிக்கொண்டார்! அறிக்கையில் இன்னும் அப்படியே இருக்கிறதோ என்னவோ, நீங்கள் வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில் பாவாயி தண்ணீர் கொண்டுவந்தவள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளைத்தான் முறைத்தேன். முறைத்தவனுக்கு, இந்த வார்த்தை வந்த வழியில்தானே மற்ற வார்த்தையும் வந்திருக்கும் என்று தோன்ற வேண்டாமா? வசவு மட்டும் அவளிடம் இருந்து வந்தது, மாடும் பந்தும் என்னிடம் இருந்து வந்தது என்று பிரித்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பாவாயிக்கும் ஒரு பெண் குழந்தை, மேகலா. நித்திலாவுக்கு ஆறு மாதம் மூத்தவள். குறைந்த வருமானம் என்ற வரிசையில் அவர்கள் வீடும் இருந்தது. அங்கே மெஷின் மாட்டியதும் நான்தான். மூவாயிரத்து எண்ணூற்று எழுபது வார்த்தை. கடைசியில் இருந்து நாலாவது.

பாவாயி எங்கள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அந்தக் குழந்தை அப்பனோடு தறிப் பட்டறையில் இருக்கும். கூட்டிவரட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். இரண்டு குழந்தை இருந்தால் அடித்துக்கொள்ளும், சளி ஒட்டிக்கொள்ளும் என்று நான்தான்… பட்டறைச் சத்தம் உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்துத்தான் பேசுவார்கள். செல்லமுத்து அன்று முழுக்க மகளிடம் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான், என் கண்ணால் பார்த்தேன். மெஷினுக்கு உதடு தெரியுமா?

அதை டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கை மட்டும் எழுதினேன்.

அதோடு விட்டேனா? பாவாயியை உட்காரவைத்து அறிவுரை சொன்னேன். “புள்ளைகிட்ட பேசணும் பாவாயி. பேசுனாத்தான் மூளை வளரும். பேச்சுக்கு என்ன செலவா ஆகுது?” அப்போது மணி நாலரை. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “செரிங்க சாமி” என்றாள். குரல் கம்மிப்போய் இருந்தது. சளி பிடித்திருக்கிறது, பாப்பாவுக்கு ஒட்டிவிடப் போகிறது, நாளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படியே பதினேழு வருஷம். நித்திலா நன்றாகப் படித்தாள். பேச்சுப் போட்டியில் எல்லாம் கப்பு. ஒவ்வொரு கப்புக்கும் நான் அந்தச் சட்டத்தைத் துடைப்பேன். துடைக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல்: எட்டாயிரம் போக மீதி யாருடையது? துணியை உதறிவிட்டு வந்துவிடுவேன்.

போன புதன்கிழமை வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தார்கள். சட்டத்தை நித்திலா கழற்றினாள். பின் அட்டை கையோடு வந்துவிட்டது. உள்ளே இரண்டாவது தாள் ஒன்று இருந்திருக்கிறது. நான் மாட்டும்போது முதல் தாளைத்தான் பார்த்தேன். முதலிடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவன் பார்ப்பான்?

“அப்பா, இங்க வாங்க. இது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிரிச்சுப் போட்டிருக்கு.”

“என்ன போட்டிருக்கு?”

“நீங்க எப்ப எனக்கு நியூஸ் பேப்பர் படிச்சீங்க?”

“சாயங்காலம் ஏழு மணிக்கு. தினமும். உலகத்துக்கே தெரியுமே.”

“ஏழுல இருந்து எட்டு வரைக்கும் இருநூத்திப் பன்னண்டு வார்த்தை.”

“என்னது?”

“இருநூத்திப் பன்னண்டுப்பா. இந்தக் கோட்டைப் பாருங்க, எறும்பு படுத்திருக்கற மாதிரி இருக்கு. தங்கம் விலையோட நிறுத்திட்டீங்க போல.”

வெள்ளை அடிக்கிறவர் ஏணியில் இருந்து சிரித்தார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். காலையில் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்பது மணியில் இருந்து கோடு எழும்புகிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, கோபுரம் கோபுரமாக நிற்கிறது. நாலரைக்கு அப்படியே தரையோடு விழுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் கட்டாந்தரை. நடுவில் ஒரு எறும்பு. அந்த எறும்பு நான்.

“அப்ப பகல் பூரா எங்கிட்டப் பேசுனது யாருப்பா?” என்றாள் என் மகள்.

தனபாக்கியம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நின்று, என்னைப் பார்த்து, “இப்பத்தான் தெரியுமாக்கும்?” என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட மிகப் பெரிய கேள்வி அது. அவளுக்கு முதலில் இருந்தே தெரியும். ஒரு நாள் மதியம் ஃபைல் எடுக்க வந்தவள் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். “ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றேன். “நீங்க நிறுத்திருவீங்க” என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை அந்தத் தாளை ஒரு உறையில் போட்டுக்கொண்டு ஆற்றோர லைனுக்குப் போனேன். பாவாயி எங்கள் வீட்டை விட்டு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கையில் உறையோடு வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

“எம்மா, யாரோ கல்யாணப் பத்திரிகை வெக்க வந்திருக்காங்க. மொய் எடுத்து வெய்யி.”

மேகலாவேதான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு லோன் போட்டு ஆட்டோ வாங்கி ஓட்டுகிறாள். பாவாயி முருங்கைக் கீரையும் முறமுமாக வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சாமி, வாங்க. பாப்பா சௌக்கியமுங்களா?”

நான் தாளை எடுத்து நீட்டினேன். சொல்ல வந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். மெஷின், கோடு, ஒன்பது மணி, நாலரை மணி. அவள் தாளைத் தொடவே இல்லை.

“நான் பேசலீங்க சாமி. சத்தியமா ஒரு வார்த்தை பேசலீங்க. பாப்பாவுக்கு மண்டையில ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?”

“ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா. அடுத்த மாசம் காலேஜ் போறா.”

“பொறகு என்னத்துக்குங்க இப்ப வந்து கேக்கறீங்க? நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் நான் பேசுவனுங்களா?”

மேகலா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தாளை என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

“எம்மா, வசமா மாட்டிக்கிட்டே! சார், வீட்டுக்கு வந்தா இது வாயே தொறக்காது சார். கதை சொல்லும்மான்னா, பேசிப் பேசித் தொண்டை வத்திப்போச்சு உடு கண்ணுன்னு சொல்லும். இப்பத்தான தெரியுது எங்க போயி வத்துச்சுன்னு!”

“சும்மா இரு புள்ள.”

“எங்கப்பன்தான் சார் எனக்குப் பேச்சு. அதும் வெறும் உதடு. இன்னிக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எவன் என்ன பேசறான்னு சொல்லிருவேன். டிராபிக் போலீஸ் எப்படித் திட்டறாருன்னு கண்ணாடியிலயே பாத்துருவேன். ஆமா, எனக்கும் ஒரு மெசின் மாட்டுனீங்களாமே. நான் எத்தனை?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “மூவாயிரத்து எண்ணூத்தி எழுபது.”

“அவ?”

“இருபத்தோராயிரம்.”

“அடேங்கப்பா!” என்றாள். “ரெண்டும் ஒரே வாயி!”

அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆட்டோ கண்ணாடியைப் போய்த் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அரிமா சங்கம் ஞாபகம் வருகிறது, கண்ணீர் அஞ்சலி ஞாபகம் வருகிறது, திங்கட்கிழமை தாளை வாசித்துக் காட்டியது ஞாபகம் வருகிறது. அத்தனை திங்கட்கிழமையும் நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்து இவள் வாயைத் திறந்திருக்கிறாள்! கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். மேகலா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடிங்க சார், பிரசரா?” என்கிறாள்.

தண்ணீரைக் குடித்தேன். வாசல்படியில் உட்கார்ந்தேன்.

“அழுக்காயிருமுங்க சாமி, நாற்காலி கொண்டாறனுங்க.”

“உக்காருங்க” என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு படி கீழே, பாதி உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னாலும் நிற்கவே வசதியான ஆட்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அப்படி. தாளை அவள் மடியில் விரித்தேன். எல்லாவற்றிலும் உயரமான கோட்டில் விரலை வைத்தேன். பதினொன்றில் இருந்து பன்னிரண்டு வரை, மூவாயிரத்து நூற்றுப் பத்து வார்த்தை. திட்டுவதற்கு வரவில்லை என்று சொன்னேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று சொன்னேன். அவள் இன்னும் நம்பவில்லை, தலைப்பு நுனி விரலில் சுற்றிச் சுற்றிக் கயிறாகிவிட்டது. இந்தப் பதினேழு வருஷத்தில் அவளிடம் கேட்டதெல்லாம் பேசினாயா இல்லையா என்பதுதான். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டேன்.

“அக்கா, இந்த ஒரு மணி நேரம் எம் புள்ளைகிட்ட அப்படி என்னதான் பேசுனீங்க?”